எல்லா மாத்திரையும் ஒரே பையில் இருக்கட்டும்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி கொஞ்ச நேரம் நம்ம வீட்டு மாத்திரைகளைப் பற்றிப் பேசுவோம். "மாத்திரையைப் பத்தி டாக்டர் இல்ல பேசணும்"னு நீங்க நினைக்கலாம். உண்மைதான். எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டருக்குத் தெரியாத ஒரு விஷயம் நமக்கு மட்டுமே தெரியும். வீட்டில் இருக்கிறவர் வேறு எங்கெங்கே, என்னென்ன மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்பதுதான் அது. இன்றைக்குப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நம் கிராமங்களில் இப்போது இதய நோய், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இல்லாத தெருவே இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போன பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தன. இது நல்ல விஷயம். ஆனால் அதே வீட்டுக்கு டவுன் தனியார் டாக்டரிடமிருந்து ஒரு கவர், மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஒரு பொட்டலம், பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு பை என்று வேறு மாத்திரைகளும் வந்து சேர்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல மருந்துதான். உடம்புக்குள் ஒன்றாகச் சேரும்போது சில மருந்துகள் ஒன்றுக்கொன்று பகையாகிவிடும்.

மூணு இடத்துக் கடன் மாதிரி

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்லுவோம். ஒரு உறுப்பினர் குழுவில் கடன் வாங்குகிறார். வாரத் தவணை கம்பெனியிலும் வாங்குகிறார். அடகுக் கடையிலும் வைக்கிறார். மூன்று பேருமே "இந்தம்மாவால கட்ட முடியும்"னு நம்பித்தான் கொடுத்தார்கள். ஒருத்தர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. மொத்தச் சுமை தெரிந்தது அந்த வீட்டுக்கு மட்டும்தான். மாசக் கடைசியில் தவணை மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போதுதான் எல்லோருக்கும் தெரியவரும்.

மாத்திரையும் அப்படித்தான். இதய டாக்டர் ஒன்று எழுதுகிறார், மூட்டு டாக்டர் ஒன்று எழுதுகிறார், பல் டாக்டர் ஒன்று எழுதுகிறார். யார் மேலும் தப்பு இல்லை. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நடந்த ஒரு சம்பவம்

ஒரு குழு உறுப்பினர் தன் வீட்டில் நடந்ததை எல்லோருக்கும் சொல்லச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடைய மாமியாருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு மாத்திரைகளையும் தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரைகள் இவை.

நடவு நேரத்தில் அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானது. கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கினார். நாலு நாளில் வலி குறைந்தது. "நல்லாத்தானே கேக்குது" என்று மறுபடியும் வாங்கி, வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் கழித்து மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தவர் தலைசுற்றி விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்பதுதான். மகனுக்குத் தெரியவில்லை. மருமகளுக்கும் தெரிந்தது பாதிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேடினபோது வெற்றிலைப் பையில் அந்த வலி மாத்திரை அட்டை கிடைத்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு ஆன செலவும், எல்லோரும் அலைந்த அலைச்சலும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த மருந்தோடு எது சேரும்போது ஆபத்து?

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நம் வீடுகளில் அதிகமாகப் புழங்குகிற சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

1. இதய மாத்திரையும் வலி மாத்திரையும்

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை வலி மாத்திரைகள். கை கால் வலி, பல் வலி, இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் நாம் வாங்குவது இவற்றைத்தான்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் இவற்றையும் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. ஐபுபுரூஃபனில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதயத்துக்காகச் சாப்பிடுகிற ஆஸ்பிரினை அது வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லாமல் போய்விடும்.

பி.பி.க்காக எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஆபத்து. வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீர் பிரிய ஃபுரோசிமைடு போன்ற மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களுக்கும், வயிற்றுப்போக்கு ஆனவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதயம் பலவீனமானவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

அப்போ வலி வந்தா என்ன பண்றது? வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. "எனக்கு இதய மாத்திரை ஓடுது, வலிக்கு எதைச் சாப்பிடலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பாராசிட்டமாலைத்தான் முதலில் சொல்லுவார்கள். அதற்கும் அளவு உண்டு. அந்த அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் அட்டை இல்லாமல், மூணு நாலு கலரில் பொட்டலம் கட்டித் தருகிற மாத்திரைகளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் பி.பி.யையும் ஏற்றிவிடும். அட்டையும் பேரும் இல்லாத மாத்திரையால் ஏதாவது ஆகிவிட்டால், எதைச் சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் காட்டக்கூட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

2. வால்வு நோய் மாத்திரையும் மற்ற மருந்துகளும்

இது நம் இளம் பெண்களுக்கு ரொம்ப முக்கியம். சின்ன வயதில் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, பிறகு மூட்டு வீங்கி, அது இதய வால்வைத் தாக்கியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு வால்வு மாற்றியிருப்பார்கள். ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் என்ற மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். கடையில் அசிட்ரோம் என்ற பெயரிலும் கிடைக்கும்.

இது தராசு மாதிரியான மருந்து. கொஞ்சம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கொஞ்சம் கூடினால் ரத்தம் கசியும். அதனால்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை அடிக்கடி எடுக்கச் சொல்கிறார்கள்.

வயிற்றுப்போக்குக்கும் பல் வீக்கத்துக்கும் கொடுக்கிற மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கிற கோட்ரைமாக்சசோல், வெள்ளைப்படுதலுக்கும் படைக்கும் கொடுக்கிற ஃபுளுகோனசோல் ஆகிய மூன்றுமே இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், சிறுநீர் சிவப்பாகப் போவது, மாதவிடாய் நிற்காமல் போவது என்று தொல்லை தொடங்கலாம். தலைக்குள்ளும் ரத்தம் கசியலாம்.

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் நேர்மாறாக வேலை செய்யும். வார்ஃபரினின் பலத்தை அது குறைத்துவிடும். டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். காசநோய் மருந்து முடிந்ததும் திரும்பவும் அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே மருந்து தொடங்கும்போதும் டாக்டரிடம் சொல்லணும், முடியும்போதும் சொல்லணும்.

வெள்ளைப்படுதலைப் பற்றி டாக்டரிடம் சொல்லவே நமக்குக் கூச்சம். கூச்சப்பட்டுக் கடையில் மாத்திரை வாங்குகிறோம். வார்ஃபரின் சாப்பிடுகிற பெண்ணுக்கு அந்தக் கூச்சம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

3. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நிறையப் பேர் வைத்திருப்பார்கள். ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்பது அதன் பெயர். சார்பிட்ரேட் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இது ரத்தக் குழாயைத் தளர்த்தி நெஞ்சுவலியைக் குறைக்கிறது.

ஆண்கள் தாம்பத்தியத்துக்காக யாருக்கும் தெரியாமல் வாங்குகிற சில்டெனாஃபில், தடலாஃபில் மாத்திரைகளும் ரத்தக் குழாயைத் தளர்த்துபவைதான். இரண்டும் சேர்ந்தால் பி.பி. ஒரேயடியாக இறங்கி உயிரே போய்விடலாம். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், தடலாஃபில் சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.

சிரிக்கிறீங்க, பரவாயில்லை, சிரிச்சிட்டுக் கேளுங்க. ராத்திரி நெஞ்சுவலி வந்து 108-ல் ஏற்றும்போது, "வேற ஏதாவது மாத்திரை போட்டாரா?" என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம். "நீங்க என்ன வேணா சாப்பிடுங்க, டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காதீங்க" என்று சொன்னால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடியவர்களுக்கு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட, இதே சில்டெனாஃபிலை டாக்டர்கள் எழுதுவது உண்டு. ஆகவே ஒருவர் சீட்டில் இந்தப் பேரைப் பார்த்ததும் தப்பாகப் பேசிவிடாதீர்கள்.

4. ஒரே மருந்து, ரெண்டு பேரு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் கொடுத்திருப்பார்கள். டவுன் டாக்டர் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரையை வேறு கம்பெனி பெயரில் எழுதியிருப்பார். நிறமும் வேறு, அட்டையும் வேறு. இரண்டையும் சாப்பிட்டால் அம்லோடிபின் இரட்டிப்பாகிவிடும். பி.பி. இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். வயதானவர்கள் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், மருந்தின் பெயர் ஒன்று இருக்கும். நாம் பார்க்க வேண்டியது மருந்தின் பெயரை. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ரெண்டு அட்டையில் ஒரே பெயர் இருந்தால், நாமாக எதையும் நிறுத்தாமல், உடனே நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

5. மாத்திரையால் வந்த தொல்லைக்கு இன்னொரு மாத்திரை

எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். அது மாத்திரையால் வந்தது என்று தெரியாமல் சளி மருந்து வாங்குவோம். சில சளி மாத்திரைகளில் மூக்கடைப்புக்காக ஃபினைலெஃப்ரின் சேர்த்திருப்பார்கள். அது பி.பி.யை ஏற்றிவிடலாம். பி.பி. ஏறினால் இன்னொரு மாத்திரை எழுதுவார்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். அதற்கு நீர் மாத்திரை சேரும். இப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகும். புதிதாக ஒரு தொல்லை வந்தால், "இது நோயா, இல்ல மாத்திரையால வந்ததா?" என்று டாக்டரிடம் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தாலே சில தொல்லைகள் போய்விடும்.

6. சுகர், வீசிங், கேஸ் உள்ளவர்கள்

அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள். இன்சுலினோ கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் கை நடுக்கமும் வரும். அதை வைத்துத்தான் நாம் கண்டுபிடிக்கிறோம். இந்த இதய மாத்திரைகள் அந்தப் படபடப்பை மறைத்துவிடும். வியர்ப்பது மட்டும் தெரியும். குப்பென்று வியர்த்து, பேச்சு குழறினால், விழிப்பாக இருக்கும்போதே உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

வீசிங் உள்ளவர்கள் அதையும் இதய டாக்டரிடம் சொல்லுங்கள். இதே மாத்திரைகள் சிலருக்கு மூச்சிரைப்பைக் கூட்டிவிடும்.

கேஸ் மாத்திரையும் அப்படித்தான். குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒமிப்ரசோல் சரிப்படாது, குளோபிடோக்ரலின் வேலையை அது குறைக்கும். பாண்டப்ரசோல் போன்ற வேறு மருந்தை டாக்டர் எழுதுவார்.

7. கர்ப்பமும் கருத்தடையும்

எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவை வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல். வார்ஃபரினும் குழந்தையைப் பாதிக்கும். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிற பெண்கள் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போக வேண்டும். நாள் தள்ளினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். பயந்துபோய் தானாக நிறுத்தவும் கூடாது. வால்வு மாற்றிய பெண் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து.

கருத்தடை மாத்திரையையும் கேட்காமல் எடுக்காதீர்கள். மாலா-என் போன்ற மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது பி.பி.யை ஏற்றும், ரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும். இதய நோய் உள்ள பெண்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கேட்டால் சொல்லுவார்கள்.

நாட்டு மருந்து பரவாயில்லையா?

இந்தக் கேள்வியை ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. ஒரு உதாரணம் சொல்கிறோம். இருமலுக்கு நாம் அதிமதுரம் சாப்பிடுகிறோம். தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் அது பி.பி.யை ஏற்றும், உடம்பில் பொட்டாசியம் என்ற சத்தைக் குறைக்கும். இதயத்துக்காக டைஜாக்சின் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்தே விஷமாக மாறலாம். வாந்தி வரும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், நாடி தாறுமாறாகும். நாட்டு மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

கீரை சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை விட வேண்டியதில்லை. ஒரு மாசம் தினமும் கீரை, அடுத்த மாசம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

இதைக் கேட்டுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க

இன்றைக்குச் சொன்னதில் ரொம்ப முக்கியமானது இதுதான். "சங்கத்துல சொன்னாங்க, இதய மாத்திரை ஆபத்தாம்" என்று யாரும் வீட்டுக்குப் போய் நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினாலும் நெஞ்சுவலி திரும்ப வரலாம். வால்வு நோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியையும் விடக் கூடாது. இதய மாத்திரைதான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கேட்காமல் அதோடு வேறொன்றைச் சேர்ப்பதும், கேட்காமல் அதை நிறுத்துவதும்தான் ஆபத்து.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று: வீட்டில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணிப்பை. அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையும், சொட்டு மருந்தும், டானிக்கும், நாட்டு மருந்தும் அந்தப் பையில்தான் இருக்க வேண்டும். வெற்றிலைப் பையில் ஒன்று, சாமி படத்துக்குப் பின்னால் ஒன்று, டி.வி. மேல் ஒன்று என்று இருக்கக் கூடாது. மாத்திரையை அட்டையோடு வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.

இரண்டு: ஒரு சின்ன நோட்டு. மருந்தின் பெயர், எதற்காக, எத்தனை வேளை, யார் எழுதியது, என்று தொடங்கியது. இந்த ஐந்தும் எழுதினால் போதும். முதல் பக்கத்தில் "ஸ்டென்ட் வைத்தவர்", "வால்வு மாற்றியவர்", "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிற நமக்கு இது பெரிய வேலை இல்லை.

மூன்று: எந்த டாக்டரிடம் போனாலும் பையும் நோட்டும் கூடவே போகணும். பல் பிடுங்கப் போனாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே மேசையில் வைக்கலாம். புது மருந்து எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். "இது எதுக்கு? இந்தப் பையில இருக்கிறதோட சேர்த்துச் சாப்பிடலாமா? எத்தனை நாளைக்கு?" கூட்டமாக இருக்கிறதே, திட்டுவாரோ என்று தயங்காதீர்கள்.

நான்கு: அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்கிச் சாப்பிடவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

ஐந்து: ஆபத்து அறிகுறிகள். தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி, நிற்காத ரத்தப்போக்கு, திடீர் தலைவலியோடு வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கை கால் வராமல் போவது, வாய் கோணுவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துப் பையையும் நோட்டையும் வண்டியில் ஏற்றுங்கள். கால் வீக்கம், சிறுநீர் குறைவது, சதை வலியோடு சிறுநீர் கறுப்பாகப் போவது போன்றவை இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சேர்ந்தால் இந்தச் சதை வலி வரலாம்.

சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. மருந்தால் பாதிப்பு ஏற்பட்டால் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத தேசிய எண்ணும் உண்டு. நாமே தெரிவிக்கலாம்.

குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டு மருந்து நோட்டை எழுதிவிட்டாரா என்று ஊக்குநர் கேட்கட்டும். எழுதத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். யாருக்கு என்ன நோய் என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை, அது அவரவர் வீட்டு விஷயம். "எழுதியாச்சு" என்று சொன்னால் போதும். தனியாக இருக்கிற வயதான அம்மாக்களுக்குப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். இதைத் தீர்மான நோட்டிலும் எழுதிவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்புக்கு ஆளை அனுப்பி "கால் வலிக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா" என்று சொல்வது பெரும்பாலும் நாம்தான். இனிமேல் அப்படி அனுப்பும்போது, "இதய மாத்திரை சாப்பிடறவங்களுக்கு" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். கையோடு நோட்டையும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாதம் நாங்கள் குழுக்களுக்கு வரும்போது, சேமிப்பு நோட்டோடு மருந்து நோட்டு எழுதியாச்சா என்றும் கேட்போம்.